மாமா தைத்த இடது கை

சாமி படங்களுக்குப் பக்கத்தில் ஓர் எத்தியோப்பிய ஓட்டக்காரரின் படத்தை மாட்டி வைத்த மனிதர் எனக்குத் தெரிந்து என் மாமா ஒருவர்தான். அம்மாவின் தம்பி. பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுக் கத்தரியைப் பிடித்து, நல்லூரில் ஒரு சின்ன பனியன் கம்பெனியில் துணி வெட்டுகிற கட்டிங் மாஸ்டர் ஆனவர். டிவியில் பத்தாயிரம் மீட்டர் ஓட்டம் வந்துவிட்டால் போதும், மனிதருக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

"இருவத்தஞ்சு சுத்து ஓடியும் மூஞ்சில அந்தச் சிரிப்பப் பாரு கண்ணு!" என்பார்.

சும்மா சொல்லக் கூடாது, அப்படித்தான் இருக்கும். அந்தச் சின்ன உருவம் கடைசிச் சுற்றுவரை அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் சாதுவாக வரும். மணி அடித்ததும் ஒரு பாய்ச்சல். அப்புறம் யார் பிடிப்பது? அவருடைய சாதனை நேரங்களை எல்லாம் முறியடித்துவிட்டார்கள் என்று இப்போது சொல்கிறார்கள். சொல்லட்டுமே. முறியடித்த பிள்ளைகளில் பாதிப் பேர் அவரைப் பார்த்து ஓட வந்தவர்கள்தானே!

ஓடும்போது அவருடைய இடது கை மட்டும் மடங்கி உடம்போடு ஒட்டியிருக்கும். சிறுவயதில் புத்தகங்களை இடுக்கிக்கொண்டு பள்ளிக்கு ஓடி ஓடி வந்த பழக்கமாம். வெற்றியின் சூட்சுமமே அந்தக் கையில்தான் இருக்கிறது என்று மாமா முடிவு கட்டிவிட்டார்.

நான் ஏழாம் வகுப்பு படித்தபோது அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். பள்ளிகளுக்கான குறுவட்ட ஓட்டப் போட்டியில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் மேற்கொண்டு ஓடலாம். இல்லையென்றால் ஓட்டத்துக்கே முழுக்கு. எனக்கோ ஓட்டம்தான் உயிர்.

போட்டிக்கு முதல் நாள் மாமா ஒரு டீ ஷர்ட்டோடு வந்தார். கம்பெனியில் மிஞ்சிய துணியை அவரே வெட்டி, அவரே மிஷினில் உட்கார்ந்து தைத்தது. இடது கையை மட்டும் முழங்கைவரை உடம்புத் துணியோடு சேர்த்துத் தைத்திருந்தார்.

"போட்டுப் பாரு கண்ணு. கை துளி அசையாது. அவராட்டவே ஓடலாம்."

நான் அப்படியே நம்பினேன். மறுநாள் முதல் சுற்றில் அவரைப் போலச் சிரிக்கக்கூடச் செய்தேன். இரண்டாவது சுற்றில் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மூச்சு வாங்கியது. ஒவ்வொருத்தியாக என்னைத் தாண்டிப் போனார்கள். ஆறாவதாக வந்துகொண்டிருந்தேன். அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

கடைசிச் சுற்று மணி அடித்தபோது கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்து மாமாவின் குரல் கேட்டது.

"கிழிச்சு உடு கண்ணு! துணி போனாப் போவுது, கிழிச்சு உடு!"

ஒரு சாண் துணி வீணானாலும் அன்று முழுக்கப் புலம்புகிற மனிதர் அவர். வலது கையால் பிடித்து இழுத்தேன். கட்டிங் மாஸ்டர் போட்ட தையல்தானே, எத்தனை தாங்கும்? படபடவென்று பிரிந்து கை விடுபட்டது. அப்புறம் எப்படி ஓடினேன் என்று எனக்கே தெரியாது. மூன்றாவதாக வந்து விழுந்தேன்.

"செரி, ஓடட்டும்" என்றார் அப்பா.

மாமா கண்ணீரும் சிரிப்புமாகக் கைதட்டிக்கொண்டு ஓடி வந்தார். தட்டின சத்தமே சரியாக வரவில்லை. அவருடைய வலது கைக் கட்டைவிரலும் மற்ற விரல்களும் இன்னும் கத்தரியைப் பிடித்திருக்கிற மாதிரி மடங்கியே இருந்தன.

"கைல என்னங்க மாமா வெச்சிருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல கண்ணு" என்று கையை நீட்டினார். அப்போதும் விரல்கள் முழுசாக விரியவில்லை.

மிட்டாயை ஒளித்து வைத்துக்கொண்டு விளையாட்டுக் காட்டுகிறார் என்று நினைத்து, அன்று சாயங்காலம்வரை நான் அவரோடு பேசவில்லை.