மூணேகாலும் பத்தே முக்காலும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் தள்ளிப்போட்டேன். பேனாவை எடுத்தால் அக்கா முகம் வந்து நிற்கும். அம்மன் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு எழுந்துவிடுவேன். எட்டாவது வரை படித்தவன் எழுதுவது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சைதாப்பேட்டையில் ஆற்றை ஒட்டின தெருவில் எங்கள் வீடு. அப்பா வாங்கின பத்திரத்தில் அரை கிரவுண்டு, அதாவது ஆயிரத்து இருநூறு சதுர அடி என்று இருக்கும். முன்பக்கம் நானும் என் மனைவியும். பின்பக்கத்து அறையில், புருஷனை இழந்த என் அக்கா, தனி அடுப்போடு. அவளுக்கென்று இருந்தது அந்த ஓர் அறைதான்.

ஆற்றை அகலப்படுத்துகிறோம் என்று எங்களுக்குப் பின்னால் இருந்த குடிசைகளை மிஷின் வைத்து எடுத்துவிட்டார்கள். சனமெல்லாம் ஊருக்கு வெளியே போய்விட்டது. அந்தச் சமயத்தில்தான் எங்கள் பட்டாவின் புது நகல் கைக்கு வந்தது. அதில் அடியும் இல்லை, கிரவுண்டும் இல்லை. நூற்றுப் பதினொன்றரை சதுர மீட்டர் என்று இருந்தது.

நான் தி.நகரில் ஜவுளிக்கடையில் துணி கிழிக்கிறவன். மீட்டருக்கு மூணேகால் அடி என்பது என் கைக்கே தெரியும். யாரையும் கேட்கத் தோன்றவில்லை. பெருக்கினேன். முந்நூற்று அறுபத்திரண்டு வந்தது. மறுபடியும் பெருக்கினேன், அதேதான். மீதி இடமெல்லாம் ஆற்றுப் புறம்போக்கு ஆகிவிட்டது என்று முடிவு கட்டிவிட்டேன். கோயிலுக்கு ஓடினேன். “தாயே, அக்கா ரூமையாவது விட்ரு, ஆடிக்குக் கூழ் ஊத்துறேன்” என்று தரையில் விழுந்து அழுதேன்.

பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் மறித்தார்.

“இன்னா நைனா, பேயறஞ்ச மாரி கீற?”

சொன்னேன்.

“மிஷின் வந்துச்சுன்னா கதவு ஜன்னலெல்லாம் அப்பளம்தான். நீயே பிரிச்சிக்கினா மரமாவது மிஞ்சும்.”

அக்காவிடம் சொன்னபோது, “நான் எங்க போவேன் தம்பி?” என்று மட்டும் கேட்டாள். நகரத்துக்கு வெளியே அவளுடைய நாத்தனார் வீடு இருந்தது. அடுப்பையும் காமாட்சி விளக்கையும் மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

கூரையை இறக்கினேன். சுவரை நானே இடித்தேன். தரையில் பதித்திருந்த கற்களை, ஒரு அடிக்கு ஒரு அடி, என் மனைவி கழுவி வாசலில் ஒட்ட ஒட்டப் பரப்பினாள். திடீரென்று உள்ளே போய்த் தையல் டேப்பை எடுத்துவந்து கற்கள்மேல் போட்டாள்.

“ஏய்யா, சதுர மீட்டர்னா நீளமும் ஒரு மீட்டர், அகலமும் ஒரு மீட்டர்தானே?”

“ஆமா, அதுக்கின்னா இப்போ?”

“இப்புடி மூணு கல்லுக்கு மேல போவுது. அப்புடியும் மூணு கல்லுக்கு மேல போவுது. உள்ளாற முழுசா ஒம்போது கல்லு கீது, ஓரத்துல இன்னும் எடம் கீது. நீ மூணேகாலுன்னு சொல்லிக்கினு கீறியே?”

அந்தக் கற்களின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் நில அளவை அலுவலகத்தில் கேட்டேன். “ஒரு சதுர மீட்டர்னா பத்தே முக்கால் சதுர அடி. உங்க அரை கிரவுண்டு அப்படியே இருக்கு. எதுக்குப் பெரியவரே இடிச்சீங்க?” என்றார் அங்கிருந்தவர். அம்மன் ஒரு அடிகூட எடுக்கவில்லை. கூழும் ஊற்றினேன், அழுதுகொண்டே.

அறையைத் திரும்பக் கட்டி, அதே கற்களைப் பதித்து, அக்காவைக் கூப்பிடப் போனேன். சோறு போட்டாள். தலையைத் தடவினாள். வரமாட்டேன் என்றாள்.

“மறுபடியும் நீ ஒரு கணக்கு போட்டா, நான் எங்க போவேன் தம்பி?”

அந்த அறையில் இன்னும் யாரும் குடியில்லை. வெள்ளிக்கிழமைதோறும் விளக்கு மட்டும் வைக்கிறோம்.

இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். என்மேல் இரக்கப்பட்டு எதையும் குறைத்துச் சொல்லாதீர்கள். மூணேகால் துணிக்கு, பத்தே முக்கால் மண்ணுக்கு. அக்கா கேட்டதையும் அவள் கேட்டபடியே சொல்லுங்கள்.