காளை மணி கட்டிய பேட்டரி வேன்

காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளை வெள்ளைக்கார ராணுவம் தேடிக்கொண்டிருந்த அவசரகாலத்தில், தெங்கேராவில் எங்கள் அக்கா நடத்திய சலவைக்கடைக்கு ஒரு பேட்டரி வேன் வந்தது. அதை இறக்குமதி செய்தவர்கள் யாருக்கும் விற்க முடியாமல் கைவிட்டிருந்தார்கள். அதனால்தான் விலை எங்களுக்குக் கட்டுப்படியானது. தூரம் போகாது, மேட்டில் திணறும். ஆனால் சலவைத் தொழில் வாசலுக்கு வாசல் நின்று நின்று போகும் தொழில். பெட்ரோல் வண்டி நிற்கும்போதும் எண்ணெய் குடிக்கும். இது நின்றால் ஒன்றும் செலவில்லை. அக்கா கண்டுகொண்டது அதைத்தான். இரவில் சார்ஜ் ஏறும், காலையில் நான் ஓட்டுவேன்.

பக்கத்து மளிகைக்கடை அண்ணனுக்கு எங்கள் வேன் நல்ல பொழுதுபோக்கு.

“சத்தமே காணோம் தம்பி. வண்டி ஓடுதா, இல்ல உங்கக்கா பின்னால நின்னு தள்ளுதா?”

பத்து பெரண்டாம் என்ற ஊர்ப் பக்கமிருந்த ராணுவ முகாமின் துணிகள் ஒரு மாதச் சோதனையாக எங்களுக்குக் கிடைத்தன. அது நிலைத்தால் வேன் தன் செலவைத் தானே ஈட்டும். இல்லையென்றால் அதை விற்றுவிட்டு, மறுபடியும் மாட்டுவண்டிதான்.

துவைத்த துணியைக் கொண்டுபோன முதல் நாளே காரியம் கெட்டது. விடியற்காலைப் பனி. பேட்டரி மிச்சமாகட்டும் என்று நான் விளக்கை அணைத்திருந்தேன். சாலைத் தடுப்பில் நின்ற காவலர்களுக்கு ஒரு வண்டி திடீரென்று எதிரே முளைத்தது போலிருந்திருக்கும். துப்பாக்கியை நீட்டி என்னை இறக்கினார்கள். மடித்த சட்டைகளையெல்லாம் பிரித்துச் சாலையோரம் போட்டுத் தேடினார்கள். செம்மண் ஒட்டிய சட்டைகளைப் பார்த்த முகாம் அதிகாரி, இன்னொரு முறை இப்படி வந்தால் லாரி வைத்திருக்கும் கடைக்கு வேலையைக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார்.

அக்கா திட்டவில்லை. எவ்வளவு நெருங்கிய பிறகு என்னைப் பார்த்தார்கள் என்று மட்டும் கேட்டாள். பிறகு பின்கட்டுக்குப் போய், விற்ற மாடுகளின் கழுத்து மணிகளைத் தேடி எடுத்துவந்து, வேனின் முன்னால் கட்டச் சொன்னாள். சீமையிலிருந்து வந்த வண்டிக்கு மாட்டு மணியா என்றேன்.

“வெட்கம் உனக்குத்தான். அவங்களுக்கு வேண்டியது சத்தம் லா.”

மறுநாள் விளக்கையும் போட்டுக்கொண்டு போனேன். நான் வளைவைத் திரும்பும் முன்பே மணிச்சத்தம் போய்ச் சேர்ந்துவிட்டது. துப்பாக்கிகள் தோளிலேயே இருந்தன. துணிமூட்டைகளைக் கட்டோடு அழுத்திப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். சில நாளில், ஒரு காவலர் மணியைக் கேட்டதுமே தடுப்பைத் தூக்கத் தயாராக நின்றார்.

மாதம் முடிந்தது, முகாம் வேலை எங்களுக்கே நிலைத்தது. தொலைவிலிருந்த மெர்லிமாவ் பக்கத்து ரப்பர்த் தோட்ட பங்களாக்களின் துணியையும் எடுத்துக்கொள்ளலாமே என்றார் அதிகாரி. நான் தலையாட்டப் போனேன். என்னோடு வந்திருந்த அக்கா முந்திக்கொண்டு, வேண்டாம் என்றாள். வெளியே வந்ததும் காரணம் கேட்டேன்.

“வண்டி போய்ச் சேரும், திரும்பி வராது. பாதி வழியில நின்னுட்டா இந்தக் காலத்துல நம்மள யாரு நம்புவா?”

அன்று மாலை மளிகைக்கடை அண்ணன் வந்தார். டவுனுக்குள்ளே சாமான் இறக்க, மத்தியானங்களில் வேன் வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்டார்.

“கிடைக்கும் அண்ணே,” என்றாள் அக்கா. “தள்ளுறதுக்கு மட்டும் நீங்க ஆள் கொண்டாந்துருங்க.”