இரண்டாக வெட்டிய மீன் துண்டு

இரத்மலானையில் ஒரு தையல் தொழிற்சாலையில் ஊழியர் நலனைப் பார்ப்பது என் வேலை. ஆட்களோடு பழக எங்கே படித்தீர்கள் என்று புதிதாகச் சேர்பவர்கள் கேட்பதுண்டு. வெள்ளவத்தையில், சாப்பாட்டுக் கரியர் தூக்கித் திரிந்து படித்தேன் என்றால் சிரிக்கிறார்கள். நான் பகிடி விடவில்லை.

அப்பா இறந்த பின் அம்மா என்னையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில் ஓர் அறை எடுத்தார். அக்கம்பக்கத்து லொட்ஜுகளில் தங்கியிருந்தவர்களுக்குச் சமைத்துக் கொடுத்துத்தான் எங்கள் சீவியம் ஓடியது. அறை முழுக்க மீன் பொரியும் மணம் இருக்கும். எங்கள் சாப்பாட்டுக் கோப்பையில் சோறும் பருப்பும் இருக்கும். யாராவது கேட்டால் ‘சாப்பிட்டிட்டம்’ என்று சொல்லவேண்டும் என்பது அம்மாவின் சட்டம். கரியரில் மிஞ்சி வருவது எச்சில், அதில் கை வைக்கக்கூடாது என்பது இன்னொரு சட்டம்.

மூலை லொட்ஜின் மாடியில் ஒரு மாமா இருந்தார். பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில். அவர்களிடம் போக விசாவுக்காகக் காத்துக் கிடந்தார். பள்ளி விடுமுறையில் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோவது நான்தான். ஒருநாள் அவர் கரியரைத் திறந்தபோது கதவடியில் நின்று மீனையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். மீன் விருப்பமா என்று கேட்டார். சட்டப்படி, சாப்பிட்டிட்டம் என்றேன். என் கண் வேறு ஏதோ சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்த நாள் கரியர் கழுவித் துடைத்துத் திரும்பி வந்தது. மேல்தட்டில் முழு மீன் துண்டு, கை படாமல். இனி மீன் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டாராம். எச்சில் இல்லாததால் அம்மாவின் சட்டமும் தோற்றது. அதன் பிறகும் அம்மா மீன் வைத்தார்; அது தினமும் திரும்பி வர, தம்பியும் நானும் பங்கிட்டுச் சாப்பிட்டோம். அந்த டொக்டர் நன்றாக இருக்கவேண்டும் என்று நான் கும்பிட்டேன்.

சில நாள் பொறுத்து அம்மா, மாமாவின் துண்டை நடுவால் இரண்டாக வெட்டிக் கரியரில் வைத்தார். அவருக்குத்தான் மீன் கூடாதே, பிறகேன் வெட்டுகிறீர்கள் என்று சண்டைக்குப் போனேன்.

“முழுசா வைச்சா முழுசையும் திருப்பி அனுப்பிப்போடுவார். ஒண்டு அவருக்கெண்டு அம்மா வைச்சவா எண்டு சொல்லு. மற்றது அவற்ற விருப்பம்.”

சொன்னேன். மாமா கரியரைத் திறந்து இரண்டு பாதியையும் பார்த்தார்.

“உங்கட அம்மா கெட்டிக்காரி, பிள்ளை” என்றார்.

சாப்பிடாமல் வேலைக்கு வரும் பெண்பிள்ளையை முகத்தைப் பார்த்தே இன்று என்னால் சொல்லிவிட முடியும். பசி எனக்குத் தெரிந்த விஷயம். அந்தப் பிள்ளை கூசாமல் வாங்கும்படி கொடுப்பதற்குத்தான் அம்மாவின் மூளை வேண்டும். எனக்கு அதில் பாதி வாய்த்தாலே போதும்.

அன்று மாமாவிடமிருந்து அரைத் துண்டுதான் திரும்பி வந்தது. வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லி அம்மா அதையும் நிறுத்தியிருக்கலாம். சொந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வாய் ஊட்ட வழியில்லாத மனிதரிடம் அந்தச் சொல்லைச் சொல்ல அம்மாவுக்கு மனம் வரவில்லை என்பது அப்போது எனக்கு எங்கே தெரியும்? எங்கள் மீனைப் பாதியாக்கிய அம்மாவோடு பொழுதுபடும்வரை நான் கதைக்கவேயில்லை.