பாலை வற்றவிடாதவள்

டோக்மோக் ஊரில் புருல்சாவைத் தெரிந்தவர்கள் எல்லோரும் அவளைப் பிடிவாதக்காரி என்றுதான் சொல்வார்கள். புது மருமகள் தலைக்குட்டையை இறக்கிவிட்டுக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் குனிந்து வணக்கம் சொல்ல வேண்டும். இவளும் குனிந்தாள். ஆனால் நிமிர்ந்ததும் ஒவ்வொருவர் முகத்தையும் நேராகப் பார்த்தாளாம். அதை மாமியார் ஸாய்ரா இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள்.

மகன் பெக்தூர் குப்புற விழப் பழகிய சமயத்தில் அவள் தையல் பட்டறைக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போன கணவன், குளிரில் வேலை நின்றுபோய்ப் பணம் அனுப்ப வழியில்லாமல் அங்கே சும்மா உட்கார்ந்திருந்தான். வேலைக்குக் கிளம்புமுன் மாமியாரிடம் ஒன்றைத் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்.

"டப்பாப் பால் வேண்டாம் அத்தே. ரெண்டு வயசு வரைக்கும் என் பாலுதான்."

"நீ அங்க, புள்ள இங்க. எப்படிக் குடுப்ப, போன்லயா?"

"பட்டறையில பீச்சிக் கொண்டாறேன். மறுநாள் நீங்க குடுங்க."

சொல்வது சுலபம். துணிச் சுருள்களுக்குப் பின்னால் உட்கார்ந்து பால் பீச்சும் பம்பை வைத்து அழுத்தினால் பாட்டிலின் அடிகூட நனையவில்லை. மார் கட்டிக்கொண்டு வலித்தது. இவள் கை நின்றால் வரிசையில் அடுத்தவள் கையும் நிற்கும். முதலாளி ஜூரா கதவருகில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். பிள்ளைக்குப் பால் கொடுக்கச் சட்டத்தில் நேரம் உண்டு. ஆனால் ஜூராவிடம் சட்டம் பேசினால் மறுநாள் அந்த மிஷினில் வேறொருத்தி இருப்பாள். இந்த அவசரத்தில் பால் எப்படி இறங்கும்?

பக்கத்து மிஷின் ஜிபார் சும்மா இருக்கவில்லை. "ஆடிக் கறக்குற மாட்ட ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்குற மாட்டப் பாடிக் கறக்கணும். நான் வேணா பாடட்டுமா?"

"நீ பாடினா இருக்கிறதும் திரிஞ்சிரும்."

சிரித்தாளே தவிர, உள்ளுக்குள் பயந்து செத்தாள். இப்படியே தேங்கினால் பால் வற்றிவிடும். ஆனால் ஜிபாரின் கேலி ஒரு வழியைக் காட்டியது. சின்ன வயதில் மலை மேய்ச்சலில் குதிரைப் பால் கறந்தவள் புருல்சா. குட்டியை முதலில் ஊட்டவிட்டு, பிறகு தாயின் தோளோடு நிறுத்திப் பிடித்துக்கொண்டுதான் கறப்பார்கள். குட்டியின் வாசம் இல்லாமல் சொட்டுப் பால் இறங்காது.

மறுநாள் பெக்தூரின் அழுக்குத் தொப்பியைப் பையில் போட்டுக்கொண்டு போனாள். அதை முகத்தில் வைத்துக் கண்ணை மூடியதும் பால் இறங்கியது. பாட்டில் பாதி நிறைந்ததைப் பார்த்து அழுதுவிட்டாள்.

சாயங்காலம் பையிலிருந்து தொப்பி விழுந்தது. ஸாய்ரா விவரம் கேட்டாள், கேட்டதும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கன்று செத்த மாட்டுக்குத்தான் அதன் தோலில் வைக்கோலைத் திணித்து முன்னால் நிறுத்துவார்கள்.

"உசிரோட இருக்குற புள்ளைக்கு வைக்கோல் கன்னு பண்ணிட்டியேடி பாவி. இனிமே அவன் துணி ஒண்ணும் வாசல் தாண்டக் கூடாது. நாளைக்கே டப்பாப் பால் வாங்கறேன்."

புருல்சாவுக்குச் சகுனத்தில் அரை நம்பிக்கைதான். கிழவி தரையை விட்டு எழாததைப் பார்த்தபோது அந்த அரையே அவளைக் குத்தியது. ஆனாலும் விடுகிறவளா?

"சரி அத்தே, தொப்பியத் தொடல. வைக்கோல் கன்னு ஆகாதுன்னா உசிருள்ள கன்னக் கொண்டாங்க. மத்தியானம் பட்டறைக்கு."

"அந்த ஜூரா வாசல்ல நான் போய் நிக்கணுமா?"

"உங்க பேரனுக்காக நில்லுங்க."

ஸாய்ரா தொப்பியை எடுத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். ஆனால் மறுநாள் மத்தியானம், பிள்ளையைப் போர்வையில் சுற்றிக்கொண்டு மினிபஸ்ஸில் வந்து இறங்கினாள். யாரையும் கேட்காமல் நேரே உள்ளே வந்தாள்.

பெக்தூர் மாரில் வாய் வைத்தான். மிஷின்களின் தடதடப்பில் மிரண்டு உதறிவிட்டு அலறினான். மறுபடி வைத்தாள், மறுபடி அலறினான். வீட்டின் அமைதியில் மரத் தொட்டிலில் கிடந்தபடியே, அவள் குனிந்து கொடுக்கக் குடித்துப் பழகியவன்.

"புள்ளைக்கே பிடிக்கல பாரு. நான் கொண்டுபோறேன், குடு."

"உக்காருங்க அத்தே. அவன் குடிக்காம யாரும் எங்கயும் போகல."

ஜிபார் திரும்பிப் பார்த்தாள். மிஷின் மிதியிலிருந்து காலை எடுத்தாள். அவளைப் பார்த்து அடுத்தவள் எடுத்தாள். ஒன்றன்பின் ஒன்றாக வரிசை முழுவதும் ஓய்ந்தது. பெக்தூர் விசும்பிக்கொண்டே மாரைப் பற்றினான். அவன் விழுங்குகிற சத்தம் பட்டறை முழுக்கக் கேட்டது.

ஜூரா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "எவ செத்துட்டான்னு எல்லாத்தையும் நிறுத்தி வச்சிருக்கீங்க?"

ஸாய்ரா எழுந்து குறுக்கே நின்றாள். "வாயக் கழுவு. இங்க ஒரு உசிரு பசியாறுது."

"நாளைக்கும் இந்நேரம்தான் அக்கா," என்றாள் புருல்சா, பிள்ளையிடமிருந்து கண்ணை எடுக்காமல். அவள் கேட்கவில்லை, சொன்னாள்.

ஜூரா வரிசையைப் பார்த்தாள். ஒருத்தியும் மிதியில் கால் வைக்கவில்லை.

"அரை மணி நேரம். அதுக்கு மேல ஒரு தையல் தேங்கக் கூடாது."

புருல்சா பிள்ளையை மறு மாருக்கு மாற்றிக்கொண்டாள்.