பத்துக்கு நாலு மார்க்

ஒரகடம் தொழிற்பேட்டை பக்கத்துக் கல்லூரி ஒன்றில் நான் தமிழ் நடத்தியபோது, ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து நேராக வகுப்புக்கு வருவாள் அந்த மாணவி. நீலச் சீருடை, சிவந்த கண்கள். பெஞ்சில் உட்காருமுன் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைச் சட்டைக்குள் தள்ளிவிடுவாள். ஒருநாளும் அதை மறந்ததில்லை.

தன்னைத் தேடி அலையும் ஒருவனைப் பற்றிய கவிதையை நடத்திவிட்டு, மனதில் பட்டதை எழுதச் சொன்னேன். வகுப்பே கைடைப் பார்த்து, "இக்கவிதை என் உள்ளத்தைத் தொட்டது" என்று எழுதியது. எல்லோருக்கும் எட்டு போட்டேன். அவள் மட்டும், "எங்கள் கம்பெனி கேட்டில் என்னை யாரும் பார்ப்பதில்லை. கார்டைத்தான் பார்க்கிறார்கள்" என்று எழுதியிருந்தாள். பாடத்தை ஒட்டவில்லை என்று நாலு போட்டேன்.

தாளோடு வந்து நின்றாள்.

"மனசுல பட்டதத்தான சார் எழுத சொன்னீங்க?"

"அதுக்காக இப்படியாம்மா? கவிதையப் பத்தி ஒண்ணுமே இல்லையே."

"சரி சார். என் பேரு இன்னா, சொல்லுங்க?"

இரண்டு செமஸ்டர் அவளுக்குப் பாடம் எடுத்தவன் நான். குனிந்து தாளைப் பார்த்தேன். பதிவு எண்தான் இருந்தது.

அவள் சட்டைக்குள்ளிருந்து அட்டையை எடுத்து, கேட்டில் காட்டுவதுபோல என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

அதில் படித்த பெயர் மறந்துவிட்டது. நாலு போட்டதுதான் நினைவிருக்கிறது. அதை நான் திருத்தவும் இல்லை.