ஐனோ சொன்ன பதில்

நீங்கள் நம்பாமல் போகலாம். ஆனால் அந்த ஒலிப்பதிவு இன்னமும் என் போனில் இருக்கிறது. அழிக்கவும் பயம், கேட்கவும் பயம்.

என் பெயர் நிரஞ்சன். இலங்கை மலையகத்தில் ராகலைக்காரன். டயகமப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் சங்கீதம் படிப்பிக்கிறேன். பின்லாந்தில் இருந்த ஐனோ எனக்கு இணையத்தில் பழக்கம். இரும்புத் தகட்டை வில்லால் தேய்த்து ஒலி எழுப்புவாள். நான் தப்புப் பறை அடிப்பேன். இரண்டு வருடமாகப் போன் வழியாகவே சேர்ந்து வாசித்தோம். நேரில் பார்த்ததே இல்லை.

பெரிய வெற்றுக் கட்டடம் ஒன்றின் எதிரொலி வேண்டும் என்று அவள் கேட்டாள். மூடிக் கிடந்த பழைய தேயிலைத் தொழிற்சாலையை, எங்கள் பேச்சில் ஸ்டோரை, காட்டியது நான்தான். அந்தப் பாவம் என்னோடு.

போன ஜனவரி, வியாழக்கிழமை. பின்னேரம் 4:05. வெளியே கையெட்டும் தூரம்கூடத் தெரியாத மூடுபனி. ஸ்டோருக்குள் நான் மட்டும். கதவை உள்ளே தாழிட்டிருந்தேன். ஐனோவின் ஊரில் அப்போது நடுப்பகல்.

வாசிக்கத் தொடங்கினோம். 4:17க்கு அவள் நிறுத்தினாள். உன்னோடு யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். யாருமில்லை என்றேன். ஒரு ஆண் குரல் ஏதோ சொல்கிறது, பெண்கள் ஒவ்வொருவராகப் பதில் சொல்கிறார்கள், அழகாக இருக்கிறது, நிறுத்தச் சொல்லாதே என்றாள்.

எனக்கு எதுவும் கேட்கவில்லை... தகரக் கூரையில் நீர் சொட்டும் சத்தம் மட்டும். டொக்... டொக்...

4:21. அந்தப் பதிலை அவளும் சொல்லிப் பார்த்தாள்.

"இருக்கேங்க."

அவளுக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது.

"இருக்கேங்க... இருக்கேங்க..."

மூன்றாவது தடவை அது அவள் குரல் இல்லை.

"ஐனோ, வேணாம்."

டொக்.

இணைப்பு அறுந்தது. 4:22.

நாங்கள் வாசிப்பதெல்லாம் தானாகவே பதிவாகி இருவருக்கும் வந்துவிடும். மறுநாள் அந்தப் பதிவை, ஸ்டோரில் காவலுக்கு இருந்த வீரய்யாவிடம் போட்டுக் காட்டினேன். பாதியில் என் கையைப் பிடித்தார்.

"நிப்பாட்டுங்க சேர். இது மாயாண்டி கங்காணி கொரலு. காலம்பற வேலைக்கு ஆள் எடுக்குற பெரட்டுல பேரு கூப்புடுறாரு."

அவர் எங்கே இருக்கிறார் என்று கேட்டேன்.

"பதினேழு வருசமாச்சு. இந்த ஸ்டோரு முன்னுக்குப் பேரு கூப்பிட்டு, பொம்பளைங்கள மலைக்குக் கூட்டிப் போனாரு. மண்ணு சரிஞ்சிருச்சு. ஒருத்தரும் திரும்பல."

மீதியை நான் தனியாகக் கேட்டேன். பன்னிரண்டு பெயர்கள். எல்லாம் நம் ஊர்ப் பெயர்கள். பிறகு கொஞ்சம் இடைவெளி. பதின்மூன்றாவது பெயரை அந்தக் குரல் தடுமாறிக் கூப்பிடுகிறது.

"ஐ... னோ..."

ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அக்கா எழுதியிருந்தாள். வியாழக்கிழமை மத்தியானம், மைக்குக்கு முன்னால் உட்கார்ந்தபடியே ஐனோ இறந்துபோயிருந்தாளாம்.

வெளியே இடுப்பளவு வெண்பனி. வீடு முழுக்கச் சுத்தமாக இருந்ததாம்.

அவள் வாயிலும் தொண்டையிலும் மட்டும்... ஈரச் செம்மண்.