அரிசியின் மேல் என்னை உட்கார வைத்த ஹனீபா நானா

ஹனீபா நானா மௌத்தான செய்தி வந்தபோது நான் இன்னொருவரைப் பற்றிப் புறம் பேசிக்கொண்டிருந்தேன். வேறு ஏதாவது கௌரவமான வேலையில் இருந்ததாக எழுதலாம்தான். என்னைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள். இரத்தோட்டை பஸ் கண்டக்டர் தேத்தண்ணிக் கடைக்குள் தலையை நீட்டி, "கிளாக்கரய்யா, விஷயம் தெரியுமா? நம்ம ஹனீபா நானா சுபஹு தொழுதுட்டுப் படுத்தவர் எந்திரிக்கலையாம். அஸருக்குப் பொறகு அடக்கமாம்" என்றார். எனக்குப் பேச்சு நின்றுபோனது. அந்தக் கடையில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை என்று கடைக்காரர் பிறகு சொன்னார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நானா பலாபத்வலைக்காரர். இரத்தோட்டைக்கு மேலே, நான் பெரிய கிளாக்கராக இருக்கும் தேயிலைத் தோட்டத்தில், துரைக்கு நீண்ட காலம் கார் ஓட்டியவர். நெடிய, மெலிந்த உருவம். பேச்சில் மகா கஞ்சர். நான் உடம்பிலும் பேச்சிலும் அவருக்கு நேரெதிர். கொழுந்து நிறுக்கும் தராசுப் பக்கம் நான் போனாலே, "அய்யா, தள்ளி நில்லுங்க, முள்ளு ஒடைஞ்சிரும்" என்று பெண்கள் சிரிப்பார்கள்.

இறக்குமதித் தடை வருவதற்கு முன்பே துரை சீமையிலிருந்து ஒரு பெரிய கார் தருவித்திருந்தார். அதற்கு ஸ்பிரிங் கிடையாது. நாலு சக்கரத்துக்கும் மேலே காற்று அடைத்த ரப்பர்ப் பைகள். ஸ்டியரிங்கின் கீழே ஒரு குமிழ். இழுத்தால் கார் உயரும். அழுத்தினால் வயிறு தரையைத் தொடுமளவுக்குத் தாழும். பின்னால் எவ்வளவு பாரம் ஏறினாலும் எஞ்சின் அதற்கேற்பக் காற்றை ஊதி, வாலைச் சமமாக நிறுத்திவிடும். நானா அதை "ஒட்டகம்" என்பார்.

நாலைந்து வருடத்துக்கு முந்திய பஞ்சத்தை யாரும் மறந்திருக்க முடியாது. தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் மரவள்ளிக் கிழங்கும் தீர்ந்து, காட்டுக்கீரையை உப்பில்லாமல் அவித்துத் தின்றார்கள். வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைப் பிரட்டில் நான் பெயர் கூப்பிட்டால் பதில் வராத இடங்கள் கூடிக்கொண்டே போயின. அரிசியை ஊர் விட்டு ஊர் கொண்டுபோகத் தடை. வழியெங்கும் பொலிஸ் தடுப்பு. ஒருநாள் கார்க் கொட்டகைக்குப் பக்கத்தில் தோட்டத்து ஆசாரி பலகை அறுத்துக்கொண்டிருந்தார். அலுமாரிக்கா என்று நானா கேட்டிருக்கிறார். "இல்ல நானா, புள்ளைக்குப் பொட்டி. இந்த மாசம் இது மூணாவது" என்றாராம் ஆசாரி.

நானா நேரே கந்தோரில் என் மேசைக்கு வந்தார்.

"கிளாக்கரய்யா, சனிக்கிழம பல்லேகமைக்கு வாறீங்களா?"

"எதுக்கு நானா?"

"காத்து வாங்க."

மலைக்கு அப்பால் பல்லேகமையில் வயல் வைத்திருந்த சிங்கள நண்பர் ஒருவர் அவருக்கு அரிசி தரச் சம்மதித்திருந்தார். துரை சனிக்கிழமைகளில் ரயிலில் கொழும்பு போய்விடுவார். பின் சீட்டைக் கழற்றி, அடியில் அரிசியைச் சிறு சிறு பைகளாகப் பரப்பி, சீட்டைத் திரும்ப வைத்து, அதன் மேல் என்னை வைத்தார்கள். தடுப்பில் நின்ற பொலிஸார் எந்த வண்டி வந்தாலும் முதலில் வாலைத்தான் பார்ப்பார்கள். வால் தாழ்ந்திருந்தால் வண்டி ஓரத்துக்குப் போகும், சீட்டு, பாய், படுக்கை எல்லாம் வெளியே வரும். எங்கள் ஒட்டகத்தின் வால் தாழாது. மூன்று சனிக்கிழமைகள் சல்யூட் வாங்கிக்கொண்டு போனோம். மூன்று முறையும் லயத்தில் உலை கொதித்தது.

நாலாவது சனிக்கிழமை, பாரம் ஏற்றி முடித்ததும் நானா குனிந்து காது கொடுத்தார். பின்பக்க இடது காற்றுப் பையில் கசிவு. மாற்றுப் பை இலங்கையிலேயே கிடையாது. பழைய லொறி டியூபை வெட்டிச் சுற்றிக் கட்டினார்.

"எஞ்சின் ஓடுற வரைக்கும் பயமில்ல. நிப்பாட்டினா குந்திரும்."

"அப்ப அரிசிய எறக்கிருவோமே, நானா."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "லயத்துல அடுப்ப மூட்டிட்டு ஒக்காந்திருப்பாங்க, கிளாக்கரய்யா." நான் ஏறி அரிசியின் மேல் உட்கார்ந்தேன்.

ரிவர்ஸ்டன் வளைவில் பட்டப்பகலிலேயே மூடுபனி. தடுப்பில் புதிய இன்ஸ்பெக்டர். சல்யூட் இல்லை, கையை நீட்டினார்.

"எஞ்சினை நிப்பாட்டு."

அவர்கள் பேசியது சிங்களம். நான் நடுங்கியது எனக்குத் தெரிந்த எல்லா மொழிகளிலும். நானா சாவியைத் திருப்பினார். அந்த நிசப்தத்தில் எனக்குக் கீழே 'ஸ்ஸ்ஸ்' என்று மெல்லிய சத்தம். மாட்டிக்கொண்டால் அரிசியும் போகும், காரும் போகும், இனிமேல் பல்லேகமைப் பயணமும் இல்லை. ஆசாரிதான் ஓய்வில்லாமல் வேலை செய்வார்.

இன்ஸ்பெக்டர் டிக்கியைத் திறக்கச் சொன்னார். உள்ளே ஒரு டயரும் துரையின் மழைக்கோட்டும் மட்டுமே. மூடினார். நடந்து வந்தவர் நின்று, குனிந்தார்.

"மொகத மே?" என்றார். இது என்ன என்று. "டிக்கி காலி. பிறகு ஏன் பின்பக்கம் இறங்குது?"

"சீட்டைக் கழற்றிப் பார்ப்போமா, சேர்?" என்றான் கான்ஸ்டபிள்.

என் நெற்றி வேர்வை மூக்கின் மேல் வழிந்தது. துடைக்கவும் பயம். நானாவின் கை ஸ்டியரிங்கின் கீழே போனதைக் கண்டேன். குமிழை அழுத்தினார். முன்னும் பின்னும், முழுக் காரும் ஒரு பெருமூச்சோடு தரையை நோக்கித் தாழ்ந்தது. கான்ஸ்டபிள் துள்ளி விலகினான்.

நானா தொப்பியைச் சரிசெய்துகொண்டு, சாவகாசமாகச் சொன்னார்: "பெரிய மனுசரைக் கண்டா இது மண்டி போடும், சேர். மக்கத்து ஒட்டகம் மாதிரி."

கசிவினால் தாழ்ந்த ஒரு மூலையை மறைக்க நாலு மூலையையும் தாழ்த்திவிட்டார் மனிதர்! இன்ஸ்பெக்டரின் மீசைக்குக் கீழே புன்னகை அரும்பியது.

"எழுப்பு பார்ப்போம்."

எஞ்சின் உறுமியது. முன்பக்கம் கம்பீரமாக எழுந்தது. பின்பக்கம் எழவில்லை. குந்தியிருந்து நிலாவைப் பார்க்கும் நாய் போல மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது கார். புன்னகை சுருங்கத் தொடங்கியது. கான்ஸ்டபிள், பாவம், நல்ல பையன்; "தூக்கிவிடுறேன்" என்று பம்பருக்குக் கீழே கை கொடுக்க வந்தான். தூக்கிப் பார்த்தால் பாரம் எங்கே என்று அவன் கைக்கே தெரிந்துவிடும்.

நானா திரும்பி என்னைப் பார்த்து முதலில் தமிழில், பிறகு எல்லோருக்குமாகச் சிங்களத்தில், வாழ்நாளிலேயே முதல்முறையாகக் கத்தினார்: "கிளாக்கரய்யா, எறங்குங்க! பத்து இடியப்பம் தின்னாதீங்க, வண்டி தாங்காதுன்னு காலையிலயே சொன்னேனா இல்லியா?"

பம்பருக்குப் போன கான்ஸ்டபிளின் கைகள் என்னிடம் வந்தன. தரையோடு கிடந்த காரிலிருந்து என்னை வெளியே இழுப்பது லேசான காரியமா? அவன் இழுக்க, நான் முனக, இன்ஸ்பெக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் மட்டும் காரின் வாலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அசையவில்லை. மாரியம்மனைக் கூப்பிட்டேன், போதாதென்று அல்லாஹ்வையும் கூப்பிட்டேன். ஒரு விரல் உயர்ந்தது. பிறகு இன்னொரு விரல். மெல்ல மெல்லச் சமமானது.

"அடுத்த வளைவு வரைக்கும் இவரை நடக்கவிடு. காருக்கும் நல்லது, இவருக்கும் நல்லது" என்று இன்ஸ்பெக்டர் தடுப்பைத் தூக்கச் சொன்னார்.

பனிக்குள் மூச்சு வாங்க நடந்தேன். வளைவுக்கு அப்பால் எஞ்சினை நிறுத்தாமல் காத்திருந்தார் நானா. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கைகள் உதறிக்கொண்டிருந்தன.

"மன்னிச்சிக்கிங்க, கிளாக்கரய்யா."

"நானா, உண்மையச் சொல்லுங்க. என்னைய ஒவ்வொரு தடவையும் கூட்டி வந்தது இந்த ஒடம்பு மேல பழியப் போடத்தானா?"

"பின்ன? ஒங்க கதைய கேக்கவா?"

நாலு வாரமாக நட்பு என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான்! கோபப்படத்தான் நினைத்தேன்; அவர் கைகளைப் பார்த்ததும் வரவில்லை.

லயத்து வாசலில் ஒவ்வொரு பையாக இறக்கினோம். ஒருத்தி அவர் காலைத் தொடக் குனிந்தபோது பதறி விலகி, "அல்லாஹ்வே! அடுப்பப் பாரும்மா, கஞ்சி பொங்குது" என்றார். பொழுது சாய்ந்த பிறகு அந்தக் கஞ்சியில் ஒரு சிரட்டை வாங்கிக் குடித்தார். அன்று அவர் நோன்பு என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. காலையில் அவர் எதிரே உட்கார்ந்து நான் தின்ற இடியப்பம் உண்மையில் பன்னிரண்டு.

நேற்று பலாபத்வலையில் அடக்கம். தோட்டத்திலிருந்து இரண்டு லொறிகளில் வந்திருந்தார்கள். பெண்கள் அடக்கம் நடக்கும் மையவாடிக்குள் போகாமல் தெரு ஓரத்தில் நின்றார்கள். ஆறாம் லயத்துப் பாக்கியம் தன் மகளைத் தூக்கப் பார்த்து, முடியாமல், என்னிடம் தள்ளினாள்.

"சந்தூக்கு வருது, கொஞ்சம் தூக்கிக் காட்டுங்கய்யா. அந்தப் பஞ்சத்துல பொறந்தவ. இப்ப என்னால ஏலாது, கனத்துப்போயிட்டா."

தூக்கினேன். நல்ல கனம். ஆண்களின் தலைகளுக்கு மேலே, தோள் மாறித் தோள் மாறிச் சந்தூக்கு போய்க்கொண்டிருந்தது. அது வாசலுக்குள் மறையும் வரை அந்தப் பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தாள். என் கை கடுத்தது, இறக்கிவிட மனமில்லை.

போய் வாருங்கள், நானா.